சரிசமம் அண்ணன் போட்ட ஒயர்

நியாயத்துக்காக உயிரை விட்டவர்கள் உண்டு, பதவியை விட்டவர்கள் உண்டு. மீசையை விட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அந்த மகானுபாவர் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் இருக்கிறார்.

சம்பவம் சலூனில் நடந்தது. முடி வெட்டி முடித்துக் கண்ணாடியைக் காட்டியதும் அவர் மீசையின் இடப்பக்கம் கொஞ்சம் நீளம் என்றார். கடைக்காரர் அதைக் குறைத்தார். இப்போது வலப்பக்கம் நீளம். அதையும் குறைத்தார். பிறகு மறுபடியும் இடப்பக்கம். முக்கால் மணி நேரத்தில் மீசை காதுப் பக்கத்திலிருந்து கிளம்பி உதட்டுக்கு வந்து, மூக்குக்குக் கீழே ஓர் ஈ அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த ஈயும் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தார்.

"எடுத்துடுபா. இப்ப ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்ல பாரு. சரிசமம்!"

அன்றிலிருந்து அவருக்கு மீசை கிடையாது. பெயரும் அநேகமாகக் கிடையாது. வாயைத் திறந்தால் சரிசமம் என்பதால் ஊருக்கு அவர் சரிசமம். நான் மரியாதையாக சரிசமம் அண்ணன் என்பேன். மின்வாரிய ஊழியர்கள்கூட, "சரிசமம் வந்துக்கினு இருக்காரு, டீயை மறைச்சு வைபா" என்பார்கள். ஏனென்றால் இரண்டு பேர் டீ குடிக்கும் இடத்துக்கு அவர் வந்தால் இரண்டு தம்ளரையும் வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். ஒன்றில் அரை விரல் கூடுதலாக இருந்தால் அதிலிருந்து இதில் ஊற்றுவார். பிறகு இதிலிருந்து அதில். கடைசியில் அளவு சரியாகிவிடும், டீ பச்சைத் தண்ணீராகிவிடும்.

அவருக்கு இரண்டு பெண்கள். அப்போது பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு ஆறு. ஒரு தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் ஒரே துணியில், ஒரே நிறத்தில், ஒரே அளவில் பாவாடை சட்டை எடுத்து வந்தார். எட்டரை வயதுக்கான அளவு. பெரியவளுக்கு மூச்சு முட்டியது, சின்னவள் பாவாடையை மிதித்து மிதித்து விழுந்தாள். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அண்ணன் சமாதானம் சொன்னாராம்: "ரெண்டு பேருக்கும் சேரலை இல்ல? பின்ன இன்னா, ஒருத்திக்கு மட்டும் சேர்ந்திருந்தாதான் தப்பு."

இப்படிப்பட்ட ஆளிடம்தான் எங்கள் தெருவின் மொத்த இணையமும் மாட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய தொழில் ஒயர் போடுவது. முதலில் கேபிள் டிவிக்குப் போட்டார். பிறகு இன்டர்நெட் காலம் வந்ததும் பெரிய கம்பெனி ஒன்றிடமிருந்து ஒரு தடித்த லைனை வாங்கி, ராஜ வீதிக்குக் குறுக்கே இழுத்து, எங்கள் தெரு முனையில் இருக்கும் பட்டுக்கடையின் மொட்டை மாடியில் கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் கடையின் பெயர் வேண்டாம். மூன்று மாடி என்பதால் எங்களுக்கு அது மூணு மாடிக் கடை. அங்கே ஒரு பெட்டி. மழைக்காக அதன்மேல் கவிழ்த்த ஒரு நீல வாளி. அந்த வாளிக்கு அடியிலிருந்து வீட்டுக்கு வீடு ஒயர் கிளம்பும்.

எல்லா வீட்டுக்கும் ஒரே வேகம். அதில் மட்டும் பிரம்மா வந்து கேட்டாலும் ஒரு இம்மி கூட்ட மாட்டார். எதிர்வீட்டு வக்கீல் ஒருநாள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு மட்டும் கொஞ்சம் வேகமா வுடுபா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றார்.

"சார், ஒருத்தருக்காக மட்டும் பேசறது உங்க தொழிலு. என் தொழிலு வேற" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

யார் என்ன பார்க்கிறார்கள் என்பதிலும் அவர் தலையிட மாட்டார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருமுறை, "ஏம்பா, நான் சாமி கச்சேரி பாக்கறேன், மாடி வீட்டுப் பசங்க கண்ட சினிமாவையும் பாக்குதுங்க. சாமிக்காவது முதல்ல வழி வுடக் கூடாதா?" என்று கேட்டார். அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "என் ஒயருக்குக் கண்ணு கெடையாதுமா. வர்றதை வுடும், போறதை வுடும். கண்ணு தொறந்துச்சுன்னா நாளைக்கு உங்களையும் பாக்கும்." அந்த அம்மாள் அதற்குப் பிறகு ஒரு வாரம் தலை வாரிக்கொண்டுதான் கணினி முன் உட்கார்ந்தார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவன். மஞ்சள் மையும் பிள்ளையார் சுழியுமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜனங்கள் கைப்பேசியிலேயே பத்திரிகை வைக்கக் கற்றுக்கொண்டார்கள். அச்சகம் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி வசந்தா திட்டவில்லை. அதே இன்டர்நெட்டில் தனக்கென்று சின்னதாக ஒரு பக்கம் திறந்தாள். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இரண்டு தறி. அங்கே நெய்யும் சேலைகளைப் படம் பிடித்துப் போடுவாள். யாராவது விசாரித்தால் வீடியோவில் சேலையை விரித்து, முந்தியைக் காட்டி, திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டுவாள். மாதத்துக்கு இரண்டு, மூன்று என்று போக ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான். அந்தப் பக்கம் ஒருநாள் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு நான் சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்க மாட்டேன்.

கைப்பேசி டேட்டாவில் காட்டலாமே என்பீர்கள். அப்போது அது இன்றைக்குப் போல் இல்லை. ஒருமுறை அப்படிக் காட்டி, படம் கட்டம் கட்டமாக உறைந்து, சேலை கேட்ட அம்மாள் "கட்டம் போட்ட சேலை எனக்கு வேணாம்" என்று வைத்துவிட்டார். அது வெறும் ஒற்றை நிறச் சேலை. ஆகவே சரிசமம் அண்ணன் போட்ட ஒயர்தான் எங்களுக்குக் கதி.

அந்தச் சமயத்தில்தான் தில்லியில் பெரிய ரகளை ஆரம்பமானது. டிவியில் எட்டு பேர் எட்டு கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காமல் பேசினார்கள். அதன் பெயர் நெட் நியூட்ராலிட்டி. எல்லா இணையப் பக்கங்களையும் ஒரே மாதிரி நடத்தவேண்டும், கொடுத்தவன் பக்கத்துக்குக் குதிரை வேகம், கொடுக்காதவன் பக்கத்துக்கு ஆமை நடை என்று வைக்கக் கூடாது என்றது ஒரு கட்சி. ஏழைகளுக்கு நாலு பக்கத்தையாவது இலவசமாகக் கொடுத்தால் உங்களுக்கு எங்கே வலிக்கிறது என்றது இன்னொரு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போவேன்.

மூணு மாடிக் கடை முதலாளி தூங்கவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை, வியாபாரி. நெற்றியில் சந்தனம் காய்வதற்குள் ஐந்து யோசனை செய்துவிடுவார். தெருவுக்கு ஓர் அறிவிப்பு விட்டார். அவருடைய கடைப் பக்கம், ஒரு கிரிக்கெட் பக்கம், ஒரு பாட்டுப் பக்கம், ஒரு பக்திப் பக்கம், இந்த நாலும் இனிமேல் எங்கள் தெருவுக்கு இலவசம், அதுவும் ராக்கெட் வேகம். செலவு அவருடையது. மற்றதெல்லாம் வேண்டுமென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் மெதுவாக வரும். இதைப் பிரித்துக் கொடுக்க ஒரு புது மெஷினையே வாங்கி, மாலை போட்டு, சரிசமம் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அண்ணன் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். தெரு கொதித்தது. இலவசம் வாசல் வரை வந்து நிற்கிறது, இந்த ஆள் கதவைத் திறக்கமாட்டேன் என்கிறார்! ஒரு மனு கொடுப்பது என்று முடிவானது. தெருவில் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "நீ எழுதினா கல்லும் கரையும்பா" என்றார் வக்கீல். போதாதா? வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவனைப் பாராட்டினால் அவன் எதை வேண்டுமானாலும் எழுதுவான். "ஏழை எளிய மக்களின் கண்ணீரைத் துடைக்கும் கருணை மிக்க இத்திட்டத்தை" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் வெளுத்து வாங்கினேன். தெருவே கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து என்னுடையது.

வசந்தாவிடம் பெருமையாக நீட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதிக்கிறீங்க. அந்த நாலு பக்கத்துல என் பக்கம் எங்க இருக்குது?"

நான் மனுவை வாங்கித் திரும்பப் படித்தேன். இல்லை.

"அப்ப என் பக்கத்தைப் பாக்கணும்னா தனியா வாங்கணும். அதுவும் மெதுவா வரும். நான் சேலையை விரிச்சா அது ஆடி மாசம் போய்ச் சேரும். நம்ம வீட்டுச் சோத்துல மண்ணை அள்ளிப் போடறதுக்கு, இவ்ளோ அழகா எழுதணுமாங்க?"

கல் கரைந்ததோ இல்லையோ, நான் கரைந்துபோனேன். மனு அதற்குள் அண்ணன் வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டது. நிறுத்தவும் வாய் வரவில்லை. கூட்டத்தின் கடைசியில், செருப்பைப் பார்த்துக்கொண்டு நானும் போனேன்.

அண்ணன் மனுவைக் கடைசி வரை வாசித்தார். எழுத்து யாருடையது என்று பார்த்தவுடனே தெரிந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது. பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நம்ம வீடுங்கள்ல புதுப் பாவு பிணைக்கிறீங்க இல்ல? எப்பத் தறி ஓட்டுவீங்க?"

எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூட இதற்குப் பதில் தெரியும். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், முடிந்ததும் அதன் நுனிகளோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. கடைசி இழையும் பிணைந்த பிறகுதான் தறியில் கால் வைப்பார்கள். பத்து இழை தொங்கினாலும் சேலை கெட்டுவிடும்.

"கடைசி இழை பிணைச்சப்புறம்தான்" என்றார் யாரோ.

"மொதலாளி இழையை மட்டும் இழுத்துக் கட்டிட்டு, மத்ததைத் தொள தொளன்னு வுட்டா?"

கூட்டத்தில் பாதிப் பேர் என்னைப் போலவே செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். வக்கீல் மட்டும், "அது சேலை, இது இலவசம்பா" என்று முனகினார்.

"அதான் சார் பயமா இருக்குது" என்றார் அண்ணன்.

மறுநாள் அந்த மெஷினைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு பழத்தோடு, அது வந்தபோது போட்டிருந்த அதே அளவு மாலையைப் போட்டு, மூணு மாடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அளவை நூல் பிடித்துப் பார்த்துத்தான் பூக்காரரிடம் வாங்கினார் என்று கேள்வி.

அதோடு நிறுத்தவில்லை. என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நீ நல்லா எழுதறே. தில்லிக்கு ஒரு மெயில் எழுதித் தா. எல்லாரும் அனுப்பறாங்களாமே" என்றார். அவ்வளவுதான். மனுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரு சொல்லாவது திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று எழுதச் சொன்னார். இரண்டும் ஒரே நீளம் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தமிழில் இருபத்தோரு வரி வந்தது, ஆங்கிலத்தில் பதினாறு. மீதி ஐந்து வரிக்கு நான் தில்லியில் இருக்கும் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவருடைய உடல்நலத்தையும் அவருடைய குடும்பத்தார் சௌக்கியத்தையும் விசாரித்தேன். அடுத்த ஆண்டுத் தேருக்குள், பக்கத்துக்குப் பக்கம் விலை மாற்றக் கூடாது என்று அவர்கள் விதியே போட்டுவிட்டார்கள். நாடு முழுக்கப் பல லட்சம் பேர் எழுதியதை அண்ணன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "நல்லா விசாரிச்சோம் இல்ல, அதான்" என்றார்.

ஆனால் விதி வருவதற்கு முன்னால் அந்த ஆண்டுத் தேர் வந்தது.

பங்குனித் தேர் ராஜ வீதியில் வரும்போது குறுக்கே ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. மின்சாரம் நிறுத்துவார்கள், கம்பிகளை இறக்குவார்கள். எங்கள் அண்ணனும் ஏணியோடு போய்த் தன் ஒயரையெல்லாம் அவிழ்த்துச் சுருட்டுவார். தேர் நிலைக்கு வந்ததும் திரும்பக் கட்டுவார். வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த முறை மூணு மாடிக் கடை முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னார்: "தேருக்கு எப்டியும் அவுப்பே. அவுத்ததை என் மாடில திரும்பக் கட்டாதே. வாளியையும் எடுத்துக்கோ."

தெருவில் வேறு யாரும் மாடியைத் தர முன்வரவில்லை. இலவசத்தைத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு மாடி ஒரு கேடா என்ற கோபம். வக்கீல் தன் மாடியில் வற்றல் காய்கிறது என்றார். பங்குனியிலிருந்து ஐப்பசி வரை காயுமாம்.

வசந்தா என்னைக் கேட்கவே இல்லை. நேராகப் போய், "எங்க மாடி இருக்குதுண்ணா. கரண்டும் எங்க வீட்ல இருந்தே எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பெட்டியும் நீல வாளியும் எங்கள் மாடிக்குக் குடிவந்தன.

அவளுக்கு அதில் ஓர் அவசரமும் இருந்தது. மலேசியாவில் ஈப்போ என்ற ஊரிலிருந்து ஓர் அம்மாள் மகள் கல்யாணத்துக்கு ஏழு சேலை கேட்டிருந்தார். பெண்ணின் அத்தைமார், சித்திமார் எல்லாரும் ஒரே வீட்டில் கூடும் நாள், தேருக்கு மறுநாள். நம் ஊர் நேரம் காலை பதினொரு மணிக்கு வீடியோவில் எல்லாரும் பார்ப்பார்கள். பிடித்தால் ஏழும் வசந்தாவுக்கு. இல்லையென்றால் மத்தியானமே அங்குள்ள கடைக்குப் போய்விடுவார்கள். மாதத்துக்கு மூன்று சேலை விற்ற வீட்டுக்கு ஒரே நாளில் ஏழு சேலை. வசந்தா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. அண்ணன் சாயங்காலமே கட்ட ஆரம்பித்து, மறுநாள் விடிந்ததும் ஏணியோடு வந்துவிட்டார். இடம் மாறியதால் எல்லா ஒயரும் புது வழியில் போகவேண்டும். பத்தரை மணிக்கு எங்கள் மாடிக்கு வந்து வேர்வையைத் துடைத்தார். வசந்தா ஏழு சேலையையும் கூடத்தில் அடுக்கிவிட்டு மாடிக்கு ஓடி வந்தாள்.

"முடிஞ்சுதாண்ணா? சுவிட்சைப் போடுங்க. பதினொரு மணிக்கு ஈப்போ."

"முடியலைமா. ஒண்ணு பாக்கி."

"எந்த வீடு?"

"மூணு மாடி."

நாங்கள் இருவரும் அவரையே பார்த்தோம். மாடியை விட்டுத் துரத்திய ஆளுக்கு ஒயரா?

"அவரு எடத்தைத்தான் எடுத்துக்கினாரு. கனெக்சன் வேணாம்னு சொல்லலியே" என்றார் அண்ணன். "போனேன். வாட்ச்மேன் உள்ள வுட மாட்டேன்றான். வெய்ட் பண்ணலாம்."

"அண்ணா, அது வரைக்கும் எங்களுக்கு மட்டுமாவது போடுங்கண்ணா" என்று வசந்தா கெஞ்சினாள். "பொட்டி எங்க மாடிலதானே இருக்குது. கரண்டே எங்க வீட்டுக் கரண்டு!"

அண்ணன் முகம் பாவமாகப் போய்விட்டது. அவளுடைய தவிப்பு அவருக்கும் தெரியும். சுவிட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"உன் மாடில இருக்கறதால உனக்கு மொதல்ல போட்டா, அவரு மாடில இருந்தப்ப அவருக்கு மொதல்ல போட்டிருக்கணும்மா" என்றார், ரொம்ப மெதுவாக. "கடைசி இழை பிணைக்காம நான் தறில கால் வெக்க மாட்டேன். மன்னிச்சுக்கோ."

எனக்கு வந்த கோபத்தில் வாளியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஆனால் அவர் சொன்னது சரி. மணி பத்து முப்பத்தெட்டு. வசந்தா என்னைப் பார்த்தாள். கல்லைக் கரைக்கும் எழுத்தாளனுக்கு வேலை வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

ஒயரின் நுனியை நான் மாலையாகக் கழுத்தில் போட்டுக்கொள்ள, ஏணியின் ஒரு முனையை நானும் மறு முனையை அண்ணனும் பிடித்து, தெருவே வேடிக்கை பார்க்க மூணு மாடிக் கடைக்குப் போனோம். அண்ணனை வாசலில் ஏணியோடும் ஒயரோடும் நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். தேருக்கு வந்த வெளியூர்க் கூட்டம் கடையில் நெரிந்தது. கார்டு தேய்க்கும் மெஷின் வேலை செய்யவில்லை. முதலாளி சந்தனம் கலைந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பொரிந்தார்.

"இன்னாபா, என்னைப் பழி வாங்கறானா அவன்? நேத்துல இருந்து நெட்டு இல்ல! தெருவுக்கெல்லாம் வுட்டுட்டு என்னை மட்டும் அறுத்துட்டான் இல்ல?"

"இல்ல மொதலாளி. தெருவுல ஒருத்தருக்கும் இல்ல. உங்களுக்குக் கட்டாம யாருக்கும் சுவிட்சு போட மாட்டேன்னு வாசல்ல ஏணியைப் புடிச்சுக்கினு நிக்கறாரு. உங்க வாட்ச்மேன்தான் உள்ள வுடலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குமேவா?"

"என் பொண்டாட்டிக்கே இல்ல. பொட்டி எங்க வீட்டு மாடில இருக்குது. பதினொரு மணிக்கு அவளுக்கு ஏழு சேலை வியாபாரம். போனா போச்சுன்றாரு."

"ஏழு சேலையா?" என்றார், வியாபாரியாக. பிறகு வாசலுக்கு வந்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கும்பிட்டார். முதலாளி பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "மூணு மாடி ஏறணும். நீ ஒயரைத் தூக்கு, ஏணியை நான் புடிச்சுக்கறேன்" என்றார்.

அவர் ஏணி பிடித்ததைப் பார்த்த விற்பனைப் பெண்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். மொட்டை மாடியில் ஒயர் கட்டி முடித்ததும் அண்ணன் அங்கிருந்து எங்கள் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். வசந்தா வாளிக்குள் கையை விட்டுச் சுவிட்சைப் போட்டாள். மணி பதினொன்று ஏழு.

நான் மூச்சு வாங்க வீட்டுக்குள் நுழைந்தபோது திரையில் ஈப்போ அத்தைமார்கள் பளிச்சென்று இருந்தார்கள். ஒருவர் மூக்குத்திகூடத் தெளிவாகத் தெரிந்தது. "ஏழு நிமிஷம் லேட்டு. நாங்க கெளம்பலாம்னு இருந்தோம்மா" என்றார் ஓர் அத்தை. அரக்குச் சேலையை வசந்தா விரித்தாள். முந்தியைக் காட்டினாள். பின்பக்கத்தைத் திருப்பினாள். ஒரு முறைகூடப் படம் உறையவில்லை. முக்கால் மணி நேரத்தில் ஏழும் போய்விட்டன, எட்டாவது ஒன்று நெய்து தரமுடியுமா என்று மூக்குத்தி அத்தை கேட்டார். அழைப்பு முடிந்ததும் வசந்தா சேலைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். நானும்தான். அந்த ஏழு சேலையில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது. அவளுக்கு இன்றைக்குச் சொந்தமாகத் தறிகள் இருக்கின்றன. எனக்கும் உட்கார்ந்து இப்படி எழுதிக்கொண்டிருக்கும் அளவுக்கு நிம்மதி இருக்கிறது.

வசந்தா கேசரி கிண்டித் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். வாசல் படியில் இரண்டு பெண்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாமா ஆச்சு?"

"எங்க வீட்ல நெட் வரலை மாமா" என்றாள் பெரியவள். "ஸ்கூல் புராஜெக்ட்டுக்குப் படம் எடுக்கணும். எல்லார் வீட்லயும் வருது. எங்களுக்கு மட்டும் இல்ல."

உள்ளே அண்ணன் கையில் ஒரு சாண் ஒயர்த் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதை மறைக்கப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பெட்டி எங்கள் மாடிக்கு வந்ததில் பல வீடுகளுக்குத் தூரம் கூடிவிட்டது. ஒயர் பற்றவில்லை. மூணு மாடிக் கடை வரைக்கும் எட்டுவதற்கு, காலையில் தன் வீட்டு ஒயரை உருவி ஒட்டுப் போட்டிருக்கிறார். நான் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு போனது அதைத்தான்.

"அண்ணா, எல்லார் வீட்டுக்கும்னா உங்க வீடும்தானே?" என்று கேட்டேன்.

அவர் நிஜமாகவே யோசித்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். பிறகு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"எண்ணும்போது என்னை எண்ணாம வுட்டுட்டேன்போல தம்பி. மெட்ராஸ்ல இருந்து புது ரோலு வர நாலு நாள் ஆவும். போவட்டும் வுடு."

வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே மட்டமான ஒன்றரைப் பக்கத்தை இந்த மனிதருக்கு எதிராக எழுதியிருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லி மன்னிப்பும் கேட்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. கேசரித் தூக்கை மட்டும் நீட்டினேன். அவர் அதைத் திறந்து, இரண்டு பெண்களுக்கும் முந்திரியை எண்ணிப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார். அண்ணா, இப்போது சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். ரொம்ப நன்றி.

அடுத்த நாலு நாளும் சாயங்காலமானால் இரண்டு பெண்களும் புத்தகப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பின்னாலேயே அண்ணனும் அண்ணியும் வருவார்கள். பிள்ளைகள் புராஜெக்ட் செய்யும், வசந்தா தோசை வார்ப்பாள், அண்ணன் எல்லார் தட்டிலும் தோசை ஒரே அளவா என்று பார்ப்பார். ஐந்தாம் நாள் ரோல் வந்து, அவர்கள் வீட்டு ஒயர் சரியாகிவிட்டது. அந்த ரோல் இன்னும் பத்து நாள் கழித்து வந்திருக்கலாம் என்று எனக்கும் வசந்தாவுக்கும் இருந்தது.